தில்லைப் பால் பட்ட கண்

தில்லை மரத்தின் பால் பசும்பாலைவிட வெள்ளை. கத்தி பட்ட இடம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருக்கும். பிறகு மணி மணியாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். விரலில் பட்டால் பிசுபிசுக்கும், காய்ந்தால் மெல்லிய தோலாக உரியும். என் பதினோராவது வயதில் நான் கடைசியாகக் கண்ட நிறம் அந்த வெள்ளைதான் என்று மூன்று நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாட்களைப்பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் என் கை முதலில் கண்ணைத்தான் தொட்டுப் பார்க்கிறது.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆவணி விடுமுறை அது. தம்பிக்கு எட்டு வயது. அப்பா துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கணக்கு எழுதும் கிளாக்கர். லிங்கநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் "கோடி"க்குள், அதாவது பின்வளவில், ஒரு தகரக் கொட்டில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஏலத்தில் விட்ட சாமான்களை வீட்டுக்காரர் வாங்கி, அதற்குள் அடுக்கிவிட்டு மறந்துபோயிருந்தார். கிழிந்த கன்வஸ், துருப்பிடித்த ஆணிகள், சோடியில்லாத சப்பாத்துகள், இவற்றுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி ஒரு பச்சை மட்டைப் புத்தகம் கிடந்தது. கப்பல் மூழ்கி ஆளில்லாத கரையில் ஒதுங்கும் மாலுமி அங்கே எப்படி உயிர் பிழைப்பது என்று சொல்லும் புத்தகம் அது என்பதை, எனக்கிருந்த அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒருமாதிரிக் கண்டுபிடித்தேன். மிச்சத்துக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. வளைத்த தடியில் கட்டிய கண்ணி, எலும்பைக் கூராக்கிச் செய்த தூண்டில், மூன்று கவருள்ள ஈட்டி, ஆற்றுவாயில் தடிகளை ஊன்றி மீனை மறிக்கிற வேலி என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பொறுமையாகக் கீறி வைத்திருந்தான்.

அன்றோடு எங்கள் கப்பல் மூழ்கிவிட்டது. முருங்கையும் இரண்டு வாழைகளும் நின்ற கோடி எங்கள் காடு. முதலில் கண்ணி வைத்தோம். முருங்கைக் கொப்பை வளைத்து, கொட்டிலில் கிடந்த மெல்லிய கம்பியில் சுருக்குப் போட்டு, அரிசி தூவிவிட்டுக் கொட்டிலுக்குள் ஒளிந்திருந்தோம். பக்கத்து வீட்டுச் சிவப்புப் பேட்டுக்கோழி ஒற்றைக் காலில் தலைகீழாக ஆகாயத்துக்கு எழும்பியபோது அது போட்ட சத்தத்தைவிட நாங்கள் போட்ட சத்தம் பெரிது. பொறி வேலை செய்யும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருக்கவில்லை. தூண்டில் எலும்பு முறிந்தது. ஈட்டிக்கு அப்பாவின் சைக்கிள் சில்லிலிருந்து மூன்று கம்பிகளைக் கழற்றினோம், அதுதான் பிழையாகிப்போனது.

அப்பா அடிக்கிறவர் அல்ல, கத்துகிறவரும் அல்ல. ஈட்டியைக் கையில் வாங்கி, முனையைத் தொட்டுப் பார்த்து, குசினி வாசலில் வைத்துவிட்டு, "மீன் பிடிக்கிறதுக்கு நான் பிள்ளையள் வளர்க்கேல்லை" என்று மட்டும் சொன்னார். குசினிக்குள் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா போன பிறகும் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அரைத்தது. அதை நான் கண்டேன். கண்டு, அம்மாவுக்கும் எங்கள்மேல் கோபம் என்று விளங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என் விளக்கம்.

அம்மாவைப்பற்றி எங்களுக்குத் தெரிந்தது குறைவு. பெயர் கமலா. ஊர் மட்டக்களப்பு. தாய் தகப்பன், சகோதரம் ஒருவரும் இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் அப்பா சொல்வார், அம்மா பக்கத்தில் நின்று கேட்பா. குடை இல்லாமல் வாசல் படலையைத் தாண்டமாட்டா. சிரித்தால் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளுவா. இப்படிப்பட்ட அம்மா ஒருநாள் நாங்கள் விரித்துப் போட்டிருந்த பச்சை மட்டைப் புத்தகத்தைக் குனிந்து பார்த்து, மீன் வேலிப் படத்தில் விரலை வைத்து, "இது பிழை. வாய் களப்புப் பக்கம் பாத்து இருக்கவேணும். தண்ணி வத்தேக்கைதான் மீன் திரும்பும்" என்றா. நாங்கள் இருவரும் ஆவென்று பார்த்தோம். "சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்" என்றுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டா. வெள்ளைக்காரன் கீறிய படத்தில் அம்மா பிழை கண்டுபிடித்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இன்னொருவரைப்பற்றியும் இங்கே சொல்லவேண்டும். சனிக்கிழமைதோறும் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு மீன்காரர் சைக்கிளில் வருவார். நாங்கள் "மீன்காரன்" என்போம். எங்கள் தெருவில் அவரை "ர்" போட்டுச் சொல்ல யாரும் இருக்கவில்லை. பின்னால் மரப்பெட்டி, முன்னால் றப்பர் ஹோர்ன். "பாம், பாம்" என்று இரண்டு தரம் அமத்துவார். மற்றப் பெண்கள் செவுள் பூவைக் கிளப்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, சண்டை பிடித்து மீன் வாங்குவார்கள். அம்மா சட்டியை நீட்டுவா, அவர் போடுவார், அம்மா உள்ளே போவா. விளைமீன், பாரை, நல்ல இறால் என்று எங்கள் சட்டியில் விழுவது மற்றச் சட்டிகளில் விழாது. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. பேரம் பேசத் தெரியாத அம்மாவை நினைத்து எனக்கு எரிச்சலாக வரும். அதற்கு முந்திய வருடம் ஒரு சனிக்கிழமை அவர் ஹோர்ன் அடிக்காமல் வந்து, வெறும் பெட்டியோடு படலையடியில் நின்று, ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு மாதம் அம்மா மீன் தொடவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுக் கோளாறு என்றார் அப்பா. அந்த மாதம் முழுக்க நாங்கள் கத்தரிக்காயும் பருப்பும் தின்று சலித்துப்போனோம்.

விடுமுறை முடிய ஒரு கிழமை இருக்கும்போது மீன் வேலி போட்டுப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தோம். கோடிக்குள் அதற்குத் தண்ணீர் இல்லை. கடல் உள்ளே ஏறி நிற்கும் சாம்பல்தீவுக் களப்பில் இடுப்பளவு தண்ணீரும் கரையெல்லாம் காடும் இருக்கின்றன என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். விடுமுறைப் பாடம் எழுதச் சிநேகிதி வீட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அன்று சனிக்கிழமை, அப்பா கந்தோருக்கு நடந்து போயிருந்தார். அவருடைய சைக்கிளில் தம்பியை முன்தண்டில் ஏற்றி, குசினிக் கத்தியை உரப்பையில் சுற்றிக் கட்டி, உப்புவெளியைத் தாண்டி மிதித்தேன். கச்சான் காற்று சுட்டுக்கொண்டிருந்தது. பெடல் எட்டாத காலோடு அவ்வளவு தூரம் எப்படி மிதித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நம்பமுடியவில்லை.

களப்புக் கரையில் கண்டல் மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றில் கத்தியைப் போட்டால் இரும்பில் போட்டதுபோல எகிறியது. கொஞ்சம் தள்ளி, சேறு இறுகிய இடத்தில், வழுவழுப்பான நேர்த் தடிகளோடு வேறு மரங்கள் நின்றன. அவற்றின் இலைகளில் சில பழுத்துச் சிவந்திருந்தன. தடிகள் ஒரே வெட்டில் விழுந்தன. எங்கள் அதிர்ஷ்டத்தை என்னால் நம்பமுடியவில்லை. அந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தையும், நடக்கத் தொடங்கும் முன்னரே, அந்தத் தில்லை மரத்துக்குக் கிட்டப் போகாதே என்று கேட்டு வளர்ந்திருக்கும். அதன் விறகை ஒருவரும் அடுப்பில் வைப்பதில்லை, அதன் கீழ் ஒருவரும் படகைக் கட்டுவதில்லை. எங்களிடம் இருந்ததோ எங்கோ குளிர் தேசத்தில் அச்சடித்த புத்தகம்; அதில் தடியை எப்படி வெட்டுவது என்று இருந்தது, எந்தத் தடியை என்று இல்லை.

ஏழு தடி வெட்டினேன். எட்டாவது கொப்பு உயரத்தில் இருந்தது. தம்பியை அதைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தொங்கினான். நான் கத்தியை ஓங்கிப் போட்டேன். கொப்பு முறிந்து அவனோடு சேர்ந்து விழுந்தது. அவன் எழும்பிச் சிரித்தான். முகமெல்லாம் வெள்ளைத் துளிகள். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, எரியுது" என்றான். அடுத்த முறை அதையே அலறினான். நான் ஓடிப்போய் என் கையால் அவன் கண்ணைத் துடைத்தேன். என் கை முழுதும் பால் என்பது மூளைக்கு ஏறவில்லை. அவன் பயத்தில் என் முகத்தைப் பிறாண்ட, நான் அழ, அழுத கண்ணை அதே கையால் கசக்க, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல என் கண்ணும் பற்றிக்கொண்டது. இமையைத் திறக்க ஏலவில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் கண்ணை நான்தான் அவித்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. அதைவிடப் பெரிய திகிலை அதற்குப் பிறகு நான் வாழ்ந்த காலத்தில், எவ்வளவோ நடந்த இந்த ஊரில்கூட, அனுபவித்ததில்லை.

எவ்வளவு நேரம் சேற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தோம் என்று தெரியாது. வெயில் உச்சியில் சுட்டது. தம்பி கத்தி ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். அப்போது ரோட்டுப் பக்கம் "பாம், பாம்" என்று கேட்டது. நான் என் உயிரையெல்லாம் கூட்டிக் கத்தினேன். சைக்கிள் விழுகிற சத்தமும், சேற்றில் யாரோ ஓடிவருகிற சத்தமும் கேட்டன. பட்டணத்தில் மீன் விற்றுவிட்டுச் சல்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த மனிதர், மரத்தில் சாத்தியிருந்த அப்பாவின் சைக்கிளை அடையாளம் கண்டு ஏற்கெனவே இறங்கிவிட்டிருக்கிறார். மீன் வாடையடித்த இரண்டு கைகள் என் மணிக்கட்டுகளைப் பிடித்து முகத்திலிருந்து இழுத்தன.

"கண்ணைக் கசக்காதை மருமோள். மாமா வந்திட்டன்."

கண் எரிச்சலையும் மறந்து நான் திடுக்கிட்டேன். மருமகள் என்று என்னை யாரும் அழைத்ததில்லை. அழைப்பதற்கு எங்களுக்கு யாரும் இருக்கவில்லை. மீன்காரன் என்ன உரிமையில் இப்படிச் சொல்கிறான் என்று, அந்த நிலைமையிலும், ஒரு கிளாக்கர் மகளின் எண்ணம் எனக்குள் ஓடியது. அதை மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

அவர் தம்பியைத் தோளில் போட்டு, என்னை மீன்பெட்டிமேல் ஏற்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினார். சல்லியில் ஒரு கிணற்றடியில் எங்களை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஒரு பெண்ணின் விரல்கள் இமையை விரித்துப் பிடிக்க, அவர் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். மூச்சு முட்டியது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினோம், நிறுத்தவில்லை. பிறகு அந்தப் பெண், "ரெண்டு பேரும் ஆடாமல் படுங்கோ, மாமி பால் விடப்போறன்" என்றா. அவவின் மடியில் ஒரு கைக்குழந்தை சிணுங்குவது கேட்டது. வெதுவெதுப்பாக ஒரு துளி, இன்னொரு துளி என் கண்ணில் விழுந்தது. எரிவு கொஞ்சம் அடங்கியதுபோல இருந்தது. பின்னொரு காலத்தில் ஒரு கண் டொக்டரிடம் இதைச் சொன்னேன். விடாமல் தண்ணீர் ஊற்றியதுதான் கண்ணைக் காப்பாற்றியது என்றார். பாலைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி பக்கத்திலிருந்து, பாலும்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினா.

எங்களை மாமியிடம் விட்டுவிட்டு மீன்காரர் திரும்பவும் சைக்கிளில் லிங்கநகருக்குப் போனார். அங்கே நடந்ததைத் தெருவே பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தது. குடையில்லாமல் படலையைத் தாண்டாத என் அம்மா, விஷயத்தைக் கேட்டதும், செருப்புக்கூடப் போடாமல், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மீன்காரனின் சைக்கிளில் மீன்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து போனா. எனக்கு அது தெரியாது. எனக்குக் கேட்டதெல்லாம் ஹோர்ன் சத்தம், அதற்குப் பின்னால் ஓடிவருகிற வெறுங்கால் சத்தம். அந்தக் கால் வாசலில் நின்று வழி கேட்கவில்லை. வேலியைச் சுற்றி, பின்பக்கத்தால், நேராகக் கிணற்றடிக்கு வந்தது.

"மச்சாள், பிள்ளையள் எங்க?"

அம்மாவின் குரல்தான். ஆனால் அவ்வளவு உரத்த குரலை அம்மாவிடம் நான் கேட்டதில்லை. சுற்றி நின்ற பெண்கள், "கிளி வந்திட்டாள், கிளி வந்திட்டாள்" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். யாரோ அழத் தொடங்கினா. கிளி யார் என்று எனக்கு விளங்க நெடுநேரம் பிடித்தது. எங்கள் அம்மா சின்னக்கிளி. இந்த வீட்டில் பிறந்தவ. அப்பாவை விரும்பிக் கட்டியபோது, வீட்டையும் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு வந்தால்தான் மருமகள் என்று அப்பாவின் ஆட்கள் சொன்னார்கள். அம்மா விட்டுவிட்டு வந்தா. தமையன் மட்டும் விடவில்லை. தங்கச்சியின் முகத்தை வாரம் ஒருதரம் பார்ப்பதற்காக மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். வெறும் பெட்டியோடு வந்த அந்தச் சனிக்கிழமை அவர் படலையடியில் சொன்னது, "கிளி, ஆத்தை போயிட்டா" என்பதுதான். அம்மா தன் தாயின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. முப்பத்தொரு நாள் மீன் தொடாமல், கோயிலுக்குப் போகாமல், எங்கள் வீட்டுக் குசினிக்குள் ஒருவருக்கும் தெரியாமல் சாவுத் தீட்டான துடக்கைக் காத்து வந்திருக்கிறா. இதையெல்லாம் நான் கண்ணை மூடியபடி, மற்றவர்களின் அழுகைக்கும் கதைக்கும் இடையில், துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்தேன். கத்தரிக்காய் சலித்துப்போனதற்காக அம்மாவோடு நான் சண்டை பிடித்தது ஞாபகம் வந்தது.

பின்னேரம் அப்பா ஹயர் காரில் வந்தார். வளவுக்குள் வரவில்லை, ரோட்டில் நின்றே கூப்பிட்டார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கண்ணைப் பார்த்து, மருந்து போட்டு, கட்டுக் கட்டி, மூன்று நாள் அவிழ்க்கக்கூடாது, என் கண் தப்பும்போல இருக்கிறது, தம்பியின் இடது கண்ணைப்பற்றி இப்போது ஒன்றும் சொல்லமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி, "அப்ப எனக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டான். காரில் ஏறியதும், எங்கே போவது என்று சாரதி கேட்டான். லிங்கநகர் என்று அப்பா சொல்ல வாயெடுப்பதற்கு முன் அம்மா சொன்னா: "சல்லிக்கு விடுங்கோ."

அப்பா, "கமலா, நாலு சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சுப் பாரும்" என்றார். "பிள்ளையின்ர கண் திறக்கட்டும். பிறகு யோசிக்கிறன்" என்றா அம்மா. கார் சல்லிக்குத்தான் போனது. அப்பாவின் மூச்சு எனக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது. எங்களை இறக்கிவிட்டு அதே காரில் திரும்பிவிட்டார். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற அம்மா எனக்கு அன்றுதான் பிறந்தா என்று சொல்லவேண்டும்.

அடுத்த மூன்று நாட்களும் எனக்குச் சத்தங்களாகவே இருக்கின்றன. கடல், மாமியின் குழந்தை, கருவாட்டைக் கிண்டுகிற காகங்களை விரட்டுகிற பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் சிரிப்பு. வாயை மூடாமல் சிரிக்கிற சிரிப்பு. அதைக் கேட்கிறபோதெல்லாம் யார் இது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் நாள் தம்பி, தனக்கு இனிக் கண் தெரியாவிட்டால் மீன் வேலி போடவே ஏலாது என்று சொல்லி அழுதான். அவனுக்கு அதுதான் கவலை. அம்மா எங்கள் இருவரையும் கையில் பிடித்துக் களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனா. மாமா கண்டல் தடி வெட்டிவந்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அம்மா தடி ஊன்றுவது கேட்டது. தடிகளுக்கிடையே மறிப்பாக ஓலைப் பட்டி கட்டும்போது எங்கள் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு முடிச்சிலும் வைத்துக் காட்டினா. வாய் களப்புப் பக்கம் பார்த்து இருந்தது. தண்ணீர் வற்றிய பிறகு, கட்டுப்போட்ட கண்ணோடு நின்ற தம்பியின் இரண்டு கைகளுக்குள்ளும் ஒரு திரளி மீனை வைத்தா. அது துள்ளியது, அவன் வீறிட்டுக் கத்தினான், விடவில்லை.

கட்டை அவிழ்த்தபோது முதலில் வெளிச்சம் குத்தியது. பிறகு, பழைய சேலையை வரிந்து கட்டி, வெயிலில் கறுத்து, வெற்றிலை போட்ட வாயோடு ஒரு பெண் என் முன்னால் குந்தியிருந்தா. சல்லியில் யாரோ ஒரு சொந்தக்காரி என்று நினைத்தேன். பிறகுதான் அம்மா என்று தெரிந்தது. தம்பியின் வலது கண் தப்பியது. இடது கண்ணில், கருமணியின் நடுவில், அரிசியளவு வெள்ளையாக ஒரு பூ விழுந்திருந்தது. அந்தக் கண்ணில் அவனுக்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரிந்தது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை, என் சிநேகிதியும் அவளுடைய தாயும் எங்களைப் பார்க்க வந்தார்கள். ஹோலில் நல்ல கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று சிநேகிதியின் தாய் என்னைக் கேட்டா. தெருவெல்லாம் தெரிந்த கதை. என் வாயால் கேட்க ஆசை. அப்பா வீட்டில் இல்லை. என்னை யாரும் சொல்லச் சொல்லவுமில்லை, வெருட்டவுமில்லை. நான் தலையை நிமிர்த்தி, "மட்டக்களப்புக்குப் போனனாங்கள், அம்மான்ர ஊருக்கு" என்றேன். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தா. அந்தக் கணத்தில் வெளியே "பாம், பாம்" என்று கேட்டது. படலைக்கு மேலால் அவருடைய முகம் தெரிந்தது. என் கண்ணைப் பார்த்து, அது திறந்திருப்பதைப் பார்த்து, அவர் சிரித்தார். வாயைத் திறந்து ஏதோ கூப்பிடப்போனார்.

நான் முந்திக்கொண்டேன். "அம்மா, மீன்காரன் வந்திருக்கிறான்" என்றேன்.

அவருடைய வாய் மூடிக்கொண்டது. நான் சொன்னதை என் காதே கேட்டது. அம்மாவைப் பொய்க்குள் வைத்திருந்த பெரியவர்களைவிட நான் எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை என்று எண்ணி இன்றைக்கும் அதிர்ந்துபோகிறேன். அம்மா தட்டை மேசையில் வைத்தா. என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் இறங்கிப் படலையை அகலத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, "அண்ணை, உள்ளுக்கு வாங்கோ" என்றா. அவர் தயங்கினார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஹோலில், அப்பா உட்காருகிற கதிரையில் இருத்தி, விருந்தாளிக்கென்று கொண்டுவந்த தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தா. "இவர் என்ர கூடப்பிறந்த அண்ணை, சல்லி" என்று சிநேகிதியின் தாயிடம் சொன்னா. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தும் உட்காராமலும் கதிரை நுனியில் இருந்தார். தம்பி ஓடிவந்து அவர் மடியில் ஏறினான். நான் சுவரோடு நின்றேன்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குள் வராத சனிக்கிழமை இல்லை. அப்பா முதலில் முகத்தைத் திருப்பினார், பிறகு தலையாட்டினார், சில வருடங்களில் "மச்சான்" என்று கூப்பிட்டுச் சேர்ந்து சுருட்டுப் பற்றினார். தம்பியை அவர் கடைசிவரை "மருமோன்" என்றுதான் கூப்பிட்டார். என்னை மட்டும் "பிள்ளை" என்றார். மீன்பெட்டியைத் திறக்கும்போது தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே "பிள்ளை". அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நான் விரும்பினது இதுதான் என்று நினைத்து, மரியாதையாக, எனக்கு விட்டுத்தந்திருந்தார். நான் "மாமா, மாமா" என்று வாய்க்கு வாய் சொல்லிப் பார்த்தேன். நல்ல திரளியாகப் பொறுக்கி என் சட்டியில் போட்டு, "கொண்டுபோ பிள்ளை" என்பார்.

அவர் படுக்கையில் கிடந்த கடைசிக் கிழமை நான் சல்லிக்குப் போனேன். எனக்கு அப்போது வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டது. கட்டிலருகே குந்தி, கையைப் பிடித்து, மாமா என்றேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ரோட்டெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். "ஆரது, கிளியின்ர மகளோ?" என்றார். ஓம் என்றேன். "கண் இப்ப சுகமோ, பிள்ளை?" என்று கேட்டார். சுகம் என்றேன். மன்னிப்பைக் கேட்காமலே எழும்பி வந்தேன்.

போன மாதம் அந்தக் களப்புப் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கரைக் காட்டில் பாதிக்கு மேல் இல்லை. கல்லும் மண்ணும் போட்டு நிரவிவிட்டார்கள். அம்மா தடி ஊன்றிய இடம் எது என்று பிடிபடவில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பச்சை மட்டைப் புத்தகம் எந்த இடம்பெயர்வில் தொலைந்தது என்று எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தில்லைகள் மட்டும் நாலைந்து, இலை சிவந்துகொண்டு நின்றன. பின்னால் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோன ஒரு பையன் ஹோர்ன் அடித்தான். வழி விடச் சொல்லித்தான் அடித்தான். நான் திடுக்கிட்டுத் திரும்பி, அறுபதைக் கடந்த வயதில், நடு ரோட்டில், என்னை யாராவது மருமகள் என்று கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.